பாட்டியைக் கேட்டுச் செய்த காகிதப் பூக்கள்



போன மாதம் கிள்ளானில் நடந்த நம் கைவினைப் பயிற்சியில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, காகிதப் பூ செய்யறதெல்லாம் பொண்ணுங்க வேலை இல்லையா? நீங்க எப்படிண்ணே இதுல வந்தீங்க?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளமானது. அதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

இதில் மூன்று பூக்களைச் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறோம்: கனகாம்பரம், செம்பருத்தி, நந்தியாவட்டை. அவற்றைத் திரட்டேட்டில் எப்படி ஒட்டுவது, நம் ஊர் ஈரத்திலும் வெயிலிலும் எப்படிக் காப்பது என்பதையும் பார்ப்போம். ஆனால் அதற்கு முன்னால், எந்தப் பூவைச் செய்வது என்று எப்படி முடிவு செய்வது? எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது என் பாட்டி.

வெள்ளத்தில் போன ஆல்பம்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாளே பிடித்த மழை விடவில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மாமா வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. என் அம்மாவைப் பெற்ற பாட்டி அங்கேதான் இருந்தார். பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு இரவு இருந்துவிட்டு, படகில் வெளியே வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் அதற்கே கடவுளுக்கு நன்றி சொன்னோம்.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியும் துடைப்பமுமாகப் போனோம். மெத்தை, அலமாரி, குளிர்பெட்டி எல்லாம் சேறு. சாமி மேடைக்குக் கீழே இருந்த அலமாரியில்தான் குடும்ப ஆல்பம் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒரு செங்கல் மாதிரி இருந்தது.

அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் 17 தான் தேறின. பாட்டி தாத்தாவோடு நிற்கிற கருப்பு வெள்ளைப் படம் போய்விட்டது. தாத்தா இளவயதில் இருக்கிற படம் அது ஒன்றுதான். பாட்டி அழவில்லை. "போனது போச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் பழைய கதை எதையும் பேசுவதில்லை. முன்பெல்லாம் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதவர்.

(உங்களுக்கு இது நேர்ந்தால் நினைவில் வையுங்கள்: நனைந்த படத்தின் முகப்பைத் துணியால் துடைக்காதீர்கள், உருவம் துணியோடு வந்துவிடும். சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, படம் மேலே பார்க்கும்படி தனித்தனியாக நிழலில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, பிறகு பொறுமையாகச் செய்யலாம். இது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சில படங்கள் மிஞ்சியிருக்கும்.)

ரோஜா வைத்த முதல் பக்கம்

மிஞ்சிய 17 படங்களையும் வைத்து ஒரு திரட்டேடு செய்து பாட்டியின் பிறந்த நாளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பள்ளியில் நாம் செய்தோமே, அதே மாதிரி. காணொளிகளைப் பார்த்து ஒரு வாரம் உட்கார்ந்து காகித ரோஜா செய்யப் பழகினேன். சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பன்னிரண்டு ரோஜாக்கள். பக்கத்தைச் சுற்றி ஒட்டி, நடுவில் "பாட்டி தாத்தா திருமணம் 1962" என்று எழுதி, படம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாருடா ரோசா வச்சா? பால்மரம் வெட்டறவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ரோசா ஏது? நான் வச்சது கனகாம்பரம். நானே கட்டுனது."

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் பாட்டி நிறுத்தவில்லை.

"அந்தப் படமும் கல்யாணத்தன்னைக்கு எடுத்தது இல்ல. கல்யாணம் முடிஞ்சு மறுநா காலையில உங்க தாத்தா பெரட்டுக்குப் போயிட்டாரு. மூணு மாசம் சம்பளத்துல மிச்சம் புடிச்சு, கிள்ளானுக்கு பஸ் ஏறிப் போயி எடுத்தோம். அன்னைக்கும் லயத்து வாசல்ல பூத்த கனகாம்பரத்தைப் பறிச்சுக் கட்டி வச்சுக்கிட்டேன். படத்துல கருப்பாத்தான் தெரியும். ஆனா அது ஆரஞ்சு."

வீட்டில் எல்லாரும் அறுபது வருடமாக அதைக் கல்யாணப் படம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். படம் இருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பான பூவை வைத்த பிறகுதான் உண்மை வந்தது.

அன்றிலிருந்து நான் முதலில் காகிதத்தை வெட்டுவதில்லை. முதலில் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்பேன். என்ன பூ, எங்கே பூத்தது, யார் வைத்துக்கொண்டார்கள்? பிறகு உண்மையான பூவைத் தேடிப் போவேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் பத்து வெள்ளிக்குப் பூ வாங்கி, பிய்த்து, இதழை எண்ணுவேன். "கல்யாணமா தம்பி?" என்று கடைக்கார அக்கா கேட்பார். "இல்லக்கா, வீட்டுப்பாடம்" என்பேன்.

இதே வழியில் போன ஒரு பாட்டி

உண்மையான பூவைப் பிரித்துப் பார்த்துக் காகிதத்தில் செய்வது எனக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்று ஒரு அம்மையார் இருந்தார். பிறந்த ஆண்டு 1700. கணவர் இறந்த பிறகு, 1772-இல், தம் 72-வது வயதில் காகிதத்தில் பூ செய்யத் தொடங்கினார். உண்மையான செடியை எதிரில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இதழுக்கும் மகரந்தத் தாளுக்கும் தனித்தனியாகத் துண்டு வெட்டி, கருப்புத் தாளில் ஒட்டுவார். கண் பார்வை மங்கிய 82 வயது வரை விடவில்லை. ஏறத்தாழ ஆயிரம் பூக்கள். அவை இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் பக்கத்திலும் இது புதிதில்லை. தஞ்சாவூர்ப் பகுதியில் குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டைச் சீவி மாலையும் பூவும் கோயில் உருவமும் செய்வார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுவது நெட்டி மாலைதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே நம் மலாய் நண்பர்களின் கல்யாணத்தில் முன்னால் பிடித்துவருகிற புங்கா மங்காரும் தென்னம்பாளையைப் போலப் பளபளக்கும் தாளில் செய்ததுதானே?

இன்னொரு வேடிக்கை. வேலியில் படரும் அந்த ஊதாப் பூவுக்கு மலாயில் புங்கா கெர்த்தாஸ், தமிழிலும் காகிதப்பூ. உண்மையில் வண்ணமாகத் தெரிவது இதழே இல்லை. அது வண்ண இலை. நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. அடுத்த முறை பார்க்கும்போது நின்று கவனியுங்கள். பார்த்துக்கொண்டே இருந்த ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம் என்பது புரியும்.

தேவையான பொருட்கள்

1. கிரேப் தாள்: ஆரஞ்சு, சிவப்பு, பச்சை. சுருக்கம் சுருக்கமாக, இழுத்தால் நீள்கிற தாள். புத்தகக் கடையில் சுருளாகக் கிடைக்கும்.
2. மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாள் (பரிசு சுற்றுவது, முகம் துடைப்பது அல்ல).
3. வெள்ளைக் கைவினைப் பசை. காய்ந்தால் நிறமில்லாமல் ஆவது.
4. சிறிய கூர்மையான கத்தரிக்கோல், பல்குச்சி, அடிக்கோல், பென்சில்.
5. மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் தையல் நூல்.
6. மெல்லிய பூக்கம்பி. கம்பிக்கு எண் கூடக் கூட மெலிசு. 26-ஆம் எண் போதும்.
7. வளையம் போட்ட திரட்டேடு, கெட்டி அட்டைப் பக்கங்களோடு. "ஆசிட் ஃப்ரீ" என்று அட்டையில் போட்டிருந்தால் நல்லது. அமிலம் உள்ள தாள் பழைய நாளிதழ் மாதிரி பழுப்பாகிவிடும்.

எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளிக்குள் எனக்கு முடிந்தது. சூட்டுப் பசைத் துப்பாக்கி வேண்டாம். விரலைச் சுட்டுக்கொண்டதும் மிச்சம், பூவெல்லாம் சிலந்திவலை மாதிரி நூல் நூலாகத் தொங்கியதும் மிச்சம்.

ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். கிரேப் தாளின் சுருக்கக் கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு, மேலும் கீழுமாகப் போக வேண்டும். அப்போதுதான் இதழைப் பக்கவாட்டில் இழுத்துக் குழிக்கவும் விரிக்கவும் முடியும். கோடு குறுக்கே போனால் எவ்வளவு இழுத்தாலும் இதழ் வராது. முதல் நாள் பாதிப் பேர் செய்யும் தவறு இதுதான்.

முதல் பூ: கனகாம்பரம்

உண்மைப் பூவைப் பாருங்கள். மெல்லிய நீளக் குழல். அதன் நுனியில் இதழ்கள் சுற்றிலும் விரியாமல் ஒரே பக்கமாக விசிறி போல் விரிந்திருக்கும். இதைக் கவனிக்காமல் வட்டமாகச் செய்தால் அது வேறு பூ.

1. ஆரஞ்சுக் கிரேப் தாளில் 3 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கோடுகள் மேலும் கீழும்.
2. மேல் பாதியை விசிறியாக விட்டு, கீழ்ப் பாதியை அரை செ.மீ. அகல வாலாகக் குறையுங்கள்.
3. விசிறியின் மேல் விளிம்பில் நான்கு சிறு வெட்டு. இப்போது ஐந்து மடல். ஒவ்வொரு மடலின் முனையையும் உருட்டையாக வெட்டுங்கள்.
4. வாலில் பசை தொட்டுப் பல்குச்சியில் சுற்றி உருவுங்கள். குழல் வந்துவிடும்.
5. விசிறியை விரலால் ஒரு பக்கமாகச் சாய்த்து, மடல்களை மெல்ல இழுத்து விடுங்கள்.

இருபது பூ சேர்ந்ததும் வெள்ளை நூலில் கட்டுங்கள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. பூக்கட்டத் தெரியாதவர்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். நான் கட்டியதைப் பார்த்துப் பாட்டி, "இது என்னடா, மூட்டை கட்டற மாதிரி கட்டியிருக்கே?" என்று பிரித்துப் போட்டார். பிறகு என் விரலைப் பிடித்து, கட்டைவிரலில் நூலை எப்படிச் சுற்றுவது என்று காட்டினார். அவர் கை நடுங்கியது. முடிச்சு மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை.

இன்னொன்றும் சொன்னார். "எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டாதே. செடியில ஒரே அளவா எங்கயாவது பூக்குமா?" அதனால் சிலதைக் கொஞ்சம் சிறியதாக வெட்டுங்கள்.

இரண்டாம் பூ: செம்பருத்தி

இது நமக்கெல்லாம் தெரிந்த புங்கா ராயா. 1960-இல் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

இந்தப் பூ என் அம்மாவின் பக்கத்துக்கு. எழுபதுகளில் காப்பார் பக்கத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, தேசிய தினத்துக்கு மாணவர்கள் எல்லாரும் கிரேப் தாளில் செம்பருத்தி செய்து லோரியில் கட்டியிருக்கிறார்கள். லோரி கிளம்பிய பத்தாவது நிமிடம் மழை. சிவப்புச் சாயம் வழிந்து எல்லார் சட்டையும் சிவப்பு. "ஒரு வருசம் முழுக்க ரோஸ் கலர் சட்டைதான் போட்டுட்டுப் போனா உங்கம்மா. புதுசு வாங்கக் காசு ஏது?" என்று பாட்டி சொல்ல, "அந்த லோரிப் படமும் தண்ணியில போச்சே" என்று அம்மா சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஆகவே முதலில் ஒரு சோதனை. சிவப்புத் தாளின் ஒரு துண்டை ஈர டிஷ்யூவில் அழுத்துங்கள். சாயம் இறங்கினால் அந்தத் தாள் படத்தைத் தொடக்கூடாது. பூவுக்கும் படத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு செ.மீ. இடம் விடுங்கள், பக்கத்தை மூடும்போது மேலே ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள்.

1. சிவப்புக் கிரேப் தாளில் 5 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்துக்கு ஐந்து இதழ்கள். அடியில் குறுகி, மேலே அகன்று இருக்கட்டும்.
2. மேல் விளிம்பை இரு கை விரல்களாலும் சிறிது சிறிதாக இழுங்கள். அலை அலையாக வரும். நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திக் குழியுங்கள்.
3. நடுத்தண்டு: 8 செ.மீ. கம்பியில் பசை தடவி, சிவப்புத் தாள் கீற்றை இறுக்கமாகச் சுற்றுங்கள். தண்டு இதழுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
4. தண்டின் மேல் பகுதியில் பசை தடவி, பொடியாக வெட்டிய மஞ்சள் நூலில் உருட்டுங்கள். அதுதான் மகரந்தம். நுனியில் சிவப்பு நூலால் ஐந்து சிறு முடிச்சு. உண்மைப் பூவிலும் ஐந்துதான், எண்ணிப் பாருங்கள்.
5. தண்டைச் சுற்றி இதழ்களை ஒட்டுங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏற வேண்டும். அடியில் பச்சைத் தாளில் ஐந்து முனை உள்ள புல்லி.

திரட்டேட்டுக்கு முழுப் பூ வேண்டாம், மூட முடியாது. மூன்று இதழும் தண்டும் மட்டும் வைத்து, பக்கவாட்டில் பார்ப்பது போல ஒட்டினால் போதும். கம்பி முனையை மடக்கித் தாளால் சுற்றிவிடுங்கள், படத்தைக் கீறக்கூடாது.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மகரந்தத்துக்கு ரவையில் மஞ்சள்தூள் கலந்து ஒட்டினேன். பார்க்க அப்படியே இருந்தது. மூன்றாம் வாரம் திறந்தால் திரட்டேட்டுக்குள் எறும்புப் படை! தின்னக்கூடிய எதையும் திரட்டேட்டில் ஒட்டாதீர்கள்.

மூன்றாம் பூ: நந்தியாவட்டை

இந்தப் பூவை நான் திட்டமிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மாமா வீட்டு வரவேற்பறையில் தாளைப் பரப்பி வெட்டிக்கொண்டிருந்தேன். பாட்டி கீழே கிடந்த வெள்ளை டிஷ்யூத் துண்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்து நீவினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஐயா, இதுல நந்தியாவட்டை வருமா?"

"வருமே பாட்டி. யாருக்கு?"

"உங்கம்மாவுக்கு மூத்தவளுக்கு."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு மூத்தவர் மாமா ஒருவர்தான் என்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கே அப்படித்தான் தெரியும்.

பாட்டி மெதுவாகச் சொன்னார். கல்யாணமான மறுவருடம் பிறந்த பெண் குழந்தை. எட்டு மாதம் இருந்தது. காய்ச்சல். இரவு லோரி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டது. தோட்டத்து இடுகாட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மூன்றாம் நாள் பாட்டி பால்மரம் வெட்டப் போனார். பிறகு மாமா பிறந்தார், அம்மா பிறந்தார். சொல்ல வேண்டிய நேரம் வரவே இல்லை. தோட்டம் விற்கப்பட்டு, இப்போது அந்த இடத்தில் தொழிற்சாலை இருக்கிறது.

"படம் எடுக்கல. எட்டு மாசப் பிள்ளைக்கு யார் அன்னைக்குப் படம் எடுத்தா? செடி ஒண்ணுதான் இருந்துச்சு."

அம்மா வந்து பாட்டியின் காலடியில் உட்கார்ந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

1. வெள்ளை டிஷ்யூ தாளை இரண்டாக மடித்து, நடுவில் மிக மெல்லிதாகப் பசை தடவி ஒட்டி உலர்த்துங்கள். இந்தப் பூவின் இதழ் வழுவழுப்பானது. கிரேப் தாள் சரிவராது.
2. இரண்டரை செ.மீ. உயரம், ஒன்றே கால் செ.மீ. அகலத்தில் ஐந்து இதழ்கள். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கட்டும்.
3. ஒவ்வோர் இதழின் அடியையும் ஒரே திசையில் சற்றுத் திருகுங்கள். காற்றாடி இறக்கை மாதிரி சாய வேண்டும். பூவுக்கு உயிர் வருவது இந்தத் திருகலில்தான்.
4. பல்குச்சி நுனியில் தாளைச் சுற்றிச் சிறு குழல் செய்து, அதன் வாயில் ஐந்து இதழ்களையும் சுற்றிலும் ஒட்டுங்கள்.
5. நடுவில் மஞ்சள் வண்ணப் பென்சிலால் ஒரே ஒரு தொடல்.
6. பச்சைத் தாளில் நீள்வட்ட இலை இரண்டு. நடுவே மடித்து ஒரு நரம்பு.

முதல் பூ கோணலாக வந்தது. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதைக் கையில் வாங்கிப் பாட்டி, "இப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்தப் பக்கத்தில் படம் இல்லை. எட்டு நந்தியாவட்டைப் பூக்கள் இருக்கின்றன, மாதத்துக்கு ஒன்று. நடுவில் அந்தக் குழந்தையின் பெயர், பாட்டி தன் கையாலேயே எழுதியது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்தப் பக்கத்துக்கு உரியது.

பூஜைக்கு வைக்கலாமா?

பயிற்சியில் அடிக்கடி வரும் கேள்வி இது. காகிதப் பூவைத் தோரணமாகக் கட்டலாம், மேடையை அலங்கரிக்கலாம். அர்ச்சனைக்கு உண்மைப் பூதான். வாங்க வசதி இல்லாவிட்டால் ஒரு துளசி இலை, ஒரு வில்வ இலை போதும். இதைப் பாட்டியிடம் கேட்டபோது அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "சாமிக்கு வாடுற பூதான்டா போடணும். நாளைக்கு மறுபடியும் பறிச்சுட்டு வரணும் இல்ல? வாடாத பூ மனுசனுக்கு. நாமதான மறந்து போவோம்."

ஒட்டுவதும் காப்பதும்

* பூ ஒரு செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். திரட்டேட்டின் வளையம் உள்ள ஓரத்தில், பக்கங்களுக்கு இடையே இரண்டு மூன்று அட்டைக் கீற்றுகளை வைத்தால் பூ நசுங்காது.
* பசையைப் பல்குச்சியால் தொட்டுப் புள்ளியாக வையுங்கள். அதிகமானால் தாள் சுருங்கி, கறை விழும். ஓர் இரவு முழுக்கக் காய விட்ட பிறகே மூடுங்கள்.
* படத்தைப் பசையால் ஒட்டாதீர்கள். நான்கு மூலையிலும் தாள் முக்கோணம் செய்து அதில் செருகுங்கள். நாளைக்கு எடுக்க வேண்டி வரலாம்.
* படத்துக்குக் கீழே யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பூவுக்குக் கீழே அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு அது வெறும் அலங்காரம்தான்.
* நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் வரும். காலணிப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைக் கூடவே வையுங்கள். மாதம் ஒரு முறை திறந்து காற்று படவிடுங்கள். நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும்.
* ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, குறைந்தது இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

சிந்திக்க, செய்ய

1. உங்கள் வீட்டுப் பழைய படங்களில், யார் என்று உங்களுக்குத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? அவர்களைத் தெரிந்தவர் வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்?
2. பாட்டி, தாத்தா, பெரியம்மா, பெரியப்பா என்று ஒரு பெரியவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: சின்ன வயதில் வீட்டு வாசலில் என்ன பூ பூத்தது? கல்யாணத்தன்று என்ன பூ? இப்போது பார்க்க முடியாத பூ எது? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அவர் சொல்ல விரும்பாததைத் தோண்டாதீர்கள்.
3. அந்தப் பூக்களில் ஒன்றைத் தேடிப் பிடித்து, பிரித்து, இதழை எண்ணி, காகிதத்தில் செய்யுங்கள். முதல் பூ நன்றாக வராது. அதை அப்படியே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தவறைத் திருத்தும்போதுதான் கதை வரும்.

அந்தத் தம்பிக்கு இதுதான் என் பதில். அடுத்த பயிற்சிக்கு வரும்போது எல்லாரும் ஒரு பூவின் பெயரோடு வாருங்கள். கத்தரிக்கோலும் தாளும் நான் கொண்டுவருகிறேன்.

எங்கள் வீட்டுத் திரட்டேடு இப்போது 23 பக்கம் ஆகியிருக்கிறது. பாட்டி மாதம் ஒரு முறை எடுத்துவரச் சொல்லிப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் மாமா அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடி, மாடி அறை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவார். கீழே வைப்பதில்லை.